தலைப்பிரசவம் எங்கே?

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் எழுதாத சட்டம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்துப் போவார்கள். பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புருஷன் வீட்டுக்குத் திரும்பி வருவாள் பெண். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என எந்த ஊர்க் கிறிஸ்தவக் குடும்பத்திலும் இதே கதைதான். வளைகாப்பன்று ஐயர் (சபைப் போதகர்) வந்து ஜெபம் செய்துவிட்டுப் போவார் என்பது ஒன்றே வித்தியாசம்.

நான் இருப்பது நேபாளத்தில், பால்பா மாவட்டத்தின் தான்சேன் என்ற மலை நகரத்தில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரம். இங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஆக்சிஜன் கருவி, மானிட்டர், எக்ஸ்ரே மிஷின் எது மக்கர் செய்தாலும் ஓடிப்போய்ச் சரிசெய்கிற டெக்னீஷியன் என் கணவர். எங்களுக்கு இது முதல் குழந்தை. இப்போது ஏழாம் மாதம். செய்தி வெளியே தெரிந்ததிலிருந்து ஊரிலும் சபையிலும் வார்டிலும் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: பிரசவம் எங்கே?

அம்மா போனில் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. "ஏட்டி, முன்னப்பின்ன தெரியாத மலையில பிள்ளையப் பெறவா ஒன்னைய நர்ஸுக்குப் படிக்க வச்சேன்? ஏழு மாசம் ஆனதும் கெளம்பி வந்துரு. கர்ப்பத்தப் பதிஞ்சு வாங்குற பிக்மி நம்பர் இல்லன்னா இங்க பொறப்புச் சர்ட்டிபிகேட்டே தரமாட்டாங்களாம், அதையும் பாத்துக்கோ." எங்களுக்காக ஜெபிக்கும் குழுவில் ஓர் அக்கா இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: "பணித்தளத்த விட்டு வராதீங்க சிஸ்டர், கர்த்தர் பாத்துக்குவார்." இரண்டுமே பாசத்தில் வந்த வார்த்தைகள்தான். ஆனால் பிரசவத்தில் பாசம் மட்டும் எந்தத் தாயையும் காப்பாற்றியதில்லை. அதை லேபர் வார்டில் நின்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிஷனெரி என்றால் யார்?

நானும் ஒரு மிஷனெரிதான். ஆனால் மிஷனெரி என்றதும் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்கிறவர்தான் பலருக்கு நினைவில் வருவார். நேபாளத்தில் அது நடக்காது. 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26-ஆவது பிரிவு, ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. இங்கே ஊழியம் என்பது நோயாளிக்கு முதுகு தேய்த்துவிடுவது, காயத்துக்குக் கட்டு மாற்றுவது, பிரசவம் பார்ப்பது. என் ஜெபம் எனக்கும் என் தேவனுக்கும் நடுவில்.

இந்த ஆஸ்பத்திரி வந்த கதையும் விசித்திரமானது. ராணாக்களின் ஆட்சியில் வெளிநாட்டவருக்கு நேபாளத்தின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. 1949-ஆம் ஆண்டு வாக்கில் பறவைகளை ஆராய அனுமதி பெற்று வந்த அமெரிக்கர் ராபர்ட் ஃபிளெமிங், இந்த மலைப்பக்கமும் வந்தார். அவருடைய மனைவி பெத்தெல் ஒரு டாக்டர். பறவை தேடும் பயணங்களோடு சேர்ந்து நடந்த சிறு மருத்துவ முகாம்களைப் பார்த்த ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார்கள். 1954-இல் பல நாட்டுச் சபைகள் கூடி நேபாள ஐக்கிய மிஷனைத் தொடங்கின. தான்சேனில் மருத்துவப் பணியும் அந்த ஆண்டிலேயே ஆரம்பமாயிற்று.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் இங்கே வருவது புதுமையும் அல்ல. நாசரேத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்கார மிஷனெரிகள் வைத்தியம் பார்த்தார்கள். வாங்கியதை நாமும் பிறருக்குத் தர வேண்டும் என்று திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-இல் பாளையங்கோட்டையில் கூடி, இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்தவர்களில் நானும் ஒருத்தி.

வயிற்றில் பிள்ளை, கையில் டூட்டி

எங்கள் ஊரில் மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் வாய்திறக்கக் கூடாது என்பார்கள். நர்ஸ் வேலையில் இருக்கிறவளுக்கு அது சரிவராது. குழந்தையின் உறுப்புகள் உருவாவதே அந்த முதல் மூன்று மாதத்தில்தான். அதனால் பரிசோதனை பாசிட்டிவ் என்றதும், அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்பாகவே வார்டு இன்சார்ஜிடம் சொன்னேன்.

உடனே மாறியவை சில உண்டு. எலும்பு ஆபரேஷன் நடக்கும்போது எக்ஸ்ரே எடுக்கிற தியேட்டருக்கு என்னை அனுப்புவதில்லை. கர்ப்பம் தெரிந்த பிறகு, பிரசவம் வரை வயிற்றுக் குழந்தைக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லி சீவெர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஈயக் கவசம் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் மாற்று ஆள் இருக்கும்போது ஏன் நிற்க வேண்டும்? காசநோய் நேபாளத்தில் இன்னும் பெரிய பிரச்சினை. சளியில் கிருமி இருப்பவர்களை வேறொரு சிஸ்டர் பார்த்துக்கொள்கிறார். புற்றுநோய் மருந்து கலக்குவதும் எனக்கு இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று மிசோபிராஸ்டால் மாத்திரை. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் மருந்து அது. வீட்டில் பிரசவமாகக்கூடிய பெண்களுக்கு, சுகாதாரத் தன்னார்வலர்கள் மூலம் நேபாள அரசே இந்த மாத்திரையில் மூன்றை முன்கூட்டியே கொடுத்து வைக்கும் திட்டம் உண்டு. கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதுதான் அதன் வேலை. தாய்க்கு உயிர் கொடுக்கும் அந்த மாத்திரையை, கர்ப்பிணி நர்ஸ் உடைக்கவோ பொடிக்கவோ வெறுங்கையால் தொடவோ கூடாது.

வெளிநாட்டுப் பணிக்குப் புறப்படும் இளம் நர்ஸுகளுக்கு ஒரு வார்த்தை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரூபெல்லா தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போட முடியாது. கர்ப்பம் தரிப்பதற்கு ஒரு மாதமாவது முந்திப் போட வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் அப்படித்தான், கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பணித்தளத்துக்குப் போன பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய விஷயங்கள் அல்ல இவை.

கடுகெண்ணெயும் குந்த்ருக்கும்

மசக்கையில் என்னைப் படுத்தியெடுத்தது கடுகெண்ணெய். இந்த மலையில் எந்த வீட்டில் அடுப்பு பற்றவைத்தாலும் கடுகெண்ணெய் காய்கிற நெடி தெருவரை வரும். நல்லெண்ணெய்க்குப் பழகிய மூக்கு அதைத் தாங்கவில்லை. குவார்ட்டர்ஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வெறும் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்ட நாட்கள் உண்டு. என்னைக் கரைசேர்த்தது குந்த்ருக். கீரையைப் புளிக்கவைத்துக் காயப்போட்டு எடுத்து வைக்கிறார்கள். அதில் வைக்கும் புளிப்பான சாற்றைத் தியேட்டர் சிஸ்டர் ஒருத்தி டிபன்பாக்ஸில் கொண்டுவந்தாள். மாங்காய்க்கும் புளியங்காய்க்கும் ஏங்கிக் கிடந்த நாக்கு அதில் அடங்கியது.

ஆனால் எல்லா ஆசைக்கும் இடம் கொடுக்க முடியாது. கடைத்தெருவில் விற்கும் பானிபூரியையும் சட்பட்டேயையும் நான் தொடவே இல்லை. காரணம் ஹெபடைட்டிஸ் இ. மலம் கலந்த தண்ணீரால் பரவும் மஞ்சள் காமாலை இது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். கர்ப்பிணிகள் விஷயம் வேறு. கடைசி மூன்று மாதத்தில் வந்தால் ஈரல் செயலிழந்து, 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்மாண்டு பள்ளத்தாக்கு இந்தக் கொள்ளைநோயைப் பலமுறை கண்டிருக்கிறது. 2014-இல் விராட்நகரில் பெரிதாகப் பரவியது. நேபாள ராணுவ வீரர்களிடம் சோதித்த ஒரு தடுப்பூசி நன்றாக வேலை செய்வதாக 2007-இல் ஆய்வு முடிவே வந்தது. ஆனால் அந்த ஊசி கடைக்கு வரவில்லை. ஆகவே எனக்கு இருக்கும் ஒரே தடுப்பு, தளதளவென்று கொதித்த தண்ணீர்தான். பல் துலக்குவதும் அந்தத் தண்ணீரில்தான்.

இரும்புச்சத்து மாத்திரையையும் நான் விடுவதில்லை. இங்கே அரசுத் திட்டப்படி கர்ப்பத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பின் 45 நாளும் மாத்திரை சாப்பிடச் சொல்கிறோம். "வயிறு கட்டுது, சிஸ்டர்" என்று பெண்கள் முகம் சுளிக்கும்போது, "எனக்கும் கட்டுது, பஹினி (தங்கச்சி). நானும் முழுங்குறேன்" என்று இப்போது சொல்ல முடிகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், மாத்திரையின் சத்து உடம்பில் சேராது என்பதையும் முன்னைவிட அழுத்தமாகச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல்

மிஷனெரிப் பெண்களின் பிரசவத்துக்குத் துயரமான சரித்திரம் உண்டு. 1812-இல் அமெரிக்காவிலிருந்து முதல் மிஷனெரிகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைக் கல்கத்தாவில் தங்கவிடவில்லை. மொரீஷியஸ் போகும் வழியில் ஹாரியட் நியூவெலுக்குக் கப்பலிலேயே பெண் குழந்தை பிறந்தது. சில நாட்களில் குழந்தை இறந்தது. கொஞ்ச நாளில் தாயும் போய்விட்டாள். அப்போது அவளுக்கு வயது 19. அவளுடைய தோழி ஆன் ஜட்சன், கணவரோடு 1813 ஜூனில் நம் சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறினாள். நிறைமாதக் கர்ப்பிணி. நடுக்கடலில், டாக்டரோ மருத்துவச்சியோ இல்லாமல், அவளுடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது.

ஞாயிறு பள்ளியில் இந்தக் கதைகளை வீரத்தின் உதாரணமாகக் கேட்டு வளர்ந்தோம். அந்தப் பெண்களின் தைரியத்தில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு ஸ்கேன் உண்டு, தியேட்டர் உண்டு, ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி உண்டு. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, அவர்களைப் போலவே ஆபத்தைத் தேடிப்போவதை விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஏ நெகட்டிவ்

என் ரத்தம் ஏ நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ். பிரசவம் எங்கே என்ற கேள்வியில் எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம் இதுதான்.

தாய் நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடும். பெரும்பாலும் முதல் குழந்தை தப்பிவிடும். அடுத்த குழந்தை பாசிட்டிவாக இருந்தால், அந்த எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே போய்க் குழந்தையின் ரத்த அணுக்களை உடைக்கும். அந்தக் காலத்தில் "முதல் பிள்ளை தங்கிச்சு, அதுக்கப்புறம் ஒண்ணும் தங்கல" என்று ஊரில் சொன்ன சில வீடுகளின் காரணம் இதுவாகவும் இருந்திருக்கலாம்.

1968 முதல் இதற்கு ஊசி இருக்கிறது. ஆன்டி-டி என்பார்கள். 28-ஆவது வாரத்தில் ஒன்று, பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது ஊசி மருந்தகத்து ஃபிரிட்ஜில் என் பெயர் ஒட்டி இருக்கிறது.

ஊசி அடுத்த பிள்ளைக்கு. எனக்கே ரத்தம் தேவைப்பட்டால்? நேபாளத்தில் நெகட்டிவ் ரத்தக்காரர்கள் குறைவு. பிரசவத்துக்குப் பிந்தைய கடும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். அப்போது தேடத் தொடங்கினால் கிடைக்காது. அதனால் தான்சேனிலும் மலைக்குக் கீழே புட்வல் நகரத்திலும் ஏ நெகட்டிவ், ஓ நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்களின் பெயரையும் போன் நம்பரையும் இப்போதே எழுதி வைத்திருக்கிறோம். ஒருவர் கடைக்காரர், இன்னொருவர் பள்ளி ஆசிரியர். முன்பின் தெரியாத எனக்காக, "எந்த ராத்திரியிலும் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"சிஸ்டர், நீங்க எங்கே?"

ஒரு நாள் கர்ப்பிணிகள் பிரிவில், மலைக்கிராமத்திலிருந்து மாமியாரோடு ஓர் இளம்பெண் வந்தாள். முதல் கர்ப்பம், ரத்தச்சோகை. இங்கே சட்டப்படி திருமண வயது 20. அவளைப் பார்த்தால் அந்த வயது ஆனதாகவே தெரியவில்லை. பிரசவத்துக்கு வீட்டில் இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்று நான் வழக்கம்போலச் சொன்னேன். மாமியார் என் வயிற்றைப் பார்த்தார். "சிஸ்டர், நீங்க எங்கே பெத்துக்கப் போறீங்க? இங்கேயா, உங்க நாட்டுலயா?"

நியாயமான கேள்வி. 1996-இல் நேபாளத்தில் 100 பிரசவத்தில் எட்டுதான் ஆஸ்பத்திரியில் நடந்தது. லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 539 தாய்மார் இறந்தார்கள். 2022-இல் ஆஸ்பத்திரிப் பிரசவம் சுமார் 80 சதவிகிதம். 2021 கணக்கெடுப்பின்படி தாய் இறப்பு விகிதம் 151. ஆஸ்பத்திரிப் பிரசவத்தை இலவசமாக்கி, வந்துபோகக் கையில் பணமும் கொடுத்தது அரசு. ஆனால் கிராமத்துப் பெண்களை வரச்செய்ததில் பெரும்பங்கு, 1988 முதல் வேலை செய்யும் சுகாதாரத் தன்னார்வலர்களுடையது. நாடெங்கும் 50,000-க்கு மேற்பட்ட பெண்கள். அக்கம்பக்கத்துக்காரி சொல்வதைத்தான் மக்கள் நம்புகிறார்கள். நானும் அவர்களுக்கு இப்போது அக்கம்பக்கத்துக்காரிதான்.

ஆனாலும் அந்த மாமியாருக்கு நல்ல முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் நான் முடிவெடுக்கவில்லை. கணவரும் நானும் டாக்டரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டது இவைதான்: எந்த நேரத்திலும் சிசேரியன் செய்ய முடியுமா? என் வகை ரத்தம் கிடைக்குமா? பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறினால் பார்க்க ஆளும் கருவியும் உண்டா? ஊருக்குப் போவதானால் அந்தப் பயணம் எப்படிப்பட்டது?

கடைசிக் கேள்விக்கு மழைக்காலம் பதில் சொன்னது. இங்கிருந்து புட்வல் இறங்கும் சித்தார்த்த நெடுஞ்சாலையில், சித்தபாபா பகுதியில் மலை சரிந்து விழுவது வருடாவருடம் நடப்பது. அதைத் தாண்டி சுனௌலி எல்லை, பிறகு கோரக்பூர், அங்கிருந்து தெற்கே வரும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுக்கு மேல். விமானம் என்றால் பல நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் தான்சேனில் "உண்டு" என்ற பதில் இருந்தது. ஆகவே பிரசவம் இங்கேதான்.

இதே நேபாளத்தில், தியேட்டர் இல்லாத ஒரு மலைச் சுகாதார நிலையத்தில் நான் வேலை செய்திருந்தால் ஆறாம் மாதமே ஊருக்குக் கிளம்பியிருப்பேன். ரத்த அழுத்தம் ஏறியதால் ஐந்தாம் மாதமே திரும்பிப் போன மிஷனெரித் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவள் விசுவாசத்தில் குறைந்தவளும் அல்ல, நான் கூடியவளும் அல்ல.

அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சநேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப நான் அங்க வாரேன். ஆதார் கார்டு போதுமா?" என்று கேட்டார்கள். போதாது. அம்மாவின் வயதில் விமானத்தில் வர பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். கருப்பட்டியும் உளுந்தும் பேறுகால மருந்துச் சாமானும் இப்போதே மூட்டையாகிவிட்டன. பிரசவித்த பெண்ணுக்கு இங்கே ஓமச் சாறு வைத்துக் கொடுப்பார்கள் என்றதும், அம்மாவுக்கு இந்த ஊர்மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வார்டுப் பெண்கள், தங்கள் வழக்கப்படி பிரசவத்துக்கு முன் எனக்குத் தயிரும் அவலும் ஊட்டுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சபைகளுக்கும் வாசகர்களுக்கும்

வெளிநாட்டில் பிள்ளை பெறும் இந்தியப் பெற்றோருக்கு ஒரு தகவல். குழந்தை பிறந்த ஓர் ஆண்டுக்குள் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவுசெய்ய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் குழந்தைக்கு இல்லை என்றும் எழுதித்தர வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்தியக் குடியுரிமை இப்படித்தான் உறுதியாகிறது.

மிஷனெரிகளை அனுப்பும் சபைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் பலருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. உங்கள் காணிக்கைதான் எங்கள் மாத வருமானம். நேபாளச் சட்டம் 98 நாள் பேறுகால விடுப்பு தருகிறது, இந்தியச் சட்டம் 26 வாரம் தருகிறது. காணிக்கையில் வாழும் பெண்ணுக்கு அந்த நாட்களில் யார் படியளப்பது என்பதை அவள் புறப்படும் முன்பே எழுதி முடிவுசெய்யுங்கள். மருத்துவக் காப்பீட்டில் பிரசவம் அடங்குகிறதா என்று பாருங்கள். அவளுடைய தாய் வந்துபோகும் செலவையும் கணக்கில் சேருங்கள். "எப்போது திரும்பி வேலைக்குப் போவீர்கள்?" என்று கேட்கும் முன், "ரத்தம் எங்கே கிடைக்கும்?" என்று கேளுங்கள்.

எந்தச் சபையும் மதமும் சாராத வாசகரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ரத்த வகை என்னவென்று தெரியாவிட்டால் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்று வந்தால், பக்கத்திலுள்ள அரசு ரத்த வங்கியில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்து வையுங்கள். உங்கள் ஊரிலும் யாரோ ஒருத்தி தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பாள்.